டாக்டர் அப்துல் ரசாக் அவர்களுக்கு ஓர் இரவல் டம்ளர்

கொங்கு நாட்டுக் கடைவாய்களின் காவலரே, கடுகடுத்து வந்தவரையும் கலகலப்பாக்கி அனுப்பும் கனிவின் உருவே, ஊசியைக் கண்ணில் காட்டாமலே ஊசி போட்டு முடிக்கும் உபாயம் அறிந்த உத்தமரே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவைப் பெற்ற பிள்ளையைப் போல் பேணி வளர்த்த பெரியவரே, எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய டாக்டர் அப்துல் ரசாக் அவர்களே!

வணக்கம்.

இந்த ஒரு பத்திக்கே தாங்கள் நாற்காலியில் நெளிவது எங்களுக்குத் தெரிகிறது. முன்பு நம் தலைமை மருத்துவர் ஓய்வு பெற்ற விழாவில் தங்களையும் சேர்த்துப் புகழ்ந்து யாரோ பேசப் போக, கருவிகள் கொதிக்கும் பெட்டியை அணைத்தேனா இல்லையா தெரியவில்லை என்று சொல்லி எழுந்து போனவர் தாங்கள். விழா முடியும் வரை திரும்பி வரவில்லை. ஆகவே இனித் தங்களைப் புகழப் போவதில்லை. ரசாக் என்று ஒரு டாக்டர் இருந்தார்; அவர் கதையைச் சொல்லப் போகிறோம். அவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு தாங்கள் நிம்மதியாகக் கேட்கலாம். பந்தலில் அமர்ந்திருக்கும் அன்பர்களும் கேட்கட்டும். வேர் சிகிச்சை என்றாலே கிலி கொள்பவர்கள் இங்கே இரண்டொருவர் இருக்கக்கூடும். வீடு திரும்பும்போது அந்தக் கிலி கொஞ்சம் குறைந்திருந்தால் இம்மடல் எழுதியதற்கு அதுவே பலன்.

டாக்டர் ரசாக்குக்கு வாழ்க்கையில் இரண்டே வருத்தங்கள். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிடச் சொல்கிறவர்கள் ஒரு வருத்தம். வலி போனதும் வராமல் போகிறவர்கள் இன்னொரு வருத்தம்.

முதல் வருத்தத்தைப் பேசியே தீர்த்துவிடுவார். "கால்ல முள்ளுக் குத்துனா முள்ளைத்தானுங்களே எடுப்பீங்க, காலையா எடுப்பீங்க?" என்று ஆரம்பிப்பார். பல்லின் நடுவே வேர் நுனி வரை தலைமுடி கனத்தில் ஒரு குழாய் ஓடுகிறது, அதில்தான் நரம்பும் ரத்தமும் இருக்கின்றன, சொத்தை அதுவரை போய்விட்டால்தான் இப்படித் தெறிக்கிறது என்பார். புழு எதுவும் உள்ளே குடியிருக்கவில்லை என்று சத்தியம் செய்வார். அந்தக் குழாயைச் சுத்தம் செய்து, கழுவி, நுனி வரை அளந்து அடைத்துவிட்டால் பல் அவரவர் வாயிலேயே இருந்து அவரவருக்கே உழைக்கும். மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் கருவியைத் தொடுவார். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்வார். டாக்டருக்கு எதிரே கையைத் தூக்குவது மரியாதையில்லை என்று வலியைப் பொறுத்துக்கொண்ட புண்ணியவான்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதனால் அவர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால் கட்டைவிரலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். விரல் மடங்கினால் அவர் கை நின்றுவிடும்.

இரண்டாவது வருத்தத்துக்குத்தான் மருந்தில்லாமல் இருந்தது. வேர் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. முதல் நாளே நரம்பை எடுத்துவிடுவதால் வலி அன்றைக்கே ஓடிவிடும். கிராம்பு வாசம் வீசும் மருந்தால் குழியைத் தற்காலிகமாக மூடி, அடுத்த வாரம் வரச் சொல்வார். அந்த மூடி கதவல்ல. கதவு செய்து வரும்வரை வாசலில் தொங்கவிட்ட சாக்கு. சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் வலி போன மனிதருக்கு அடுத்த வாரம் எங்கே ஞாபகம் வருகிறது? தாராபுரத்திலிருந்து வெள்ளியங்கிரி என்ற வெங்காய வியாபாரி முதல் நாள் சிகிச்சையோடு நின்று, பல மாதம் கழித்துக் கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிப்போய் வந்து சேர்ந்தார். வலிதான் போயிருச்சுங்களே, அப்புறம் எதுக்கு வந்து உங்களைத் தொந்தரவு பண்றதுன்னு இருந்துபோட்டேன் என்றார். அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. டாக்டர் ரசாக் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஈடு வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். முதல் நாள் சிகிச்சை முடிந்ததும் நோயாளி தம் பொருள் எதையாவது விட்டுவிட்டுப் போகவேண்டும்; கடைசி நாள் வந்து வாங்கிக்கொள்ளலாம். குடை, துண்டு, தூக்குப் போசி, சைக்கிள் பூட்டு, ஒருமுறை ஒருவருடைய ஒற்றைச் செருப்பு என்று சுவர் ஆணிகளில் தொங்கும். இவற்றுக்குப் பொறுப்பாளர் நம் ஆயா பாப்பாயி. "பல்லுப் புடுங்குற எடமா, பழைய சாமான் கடையா?" என்று அவர் அலுத்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் ஒரு பொருளையும் தொலைத்ததில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். கயல்விழி என்ற பெண் தன் தாய் லட்சுமியம்மாளுடன் தொண்டாமுத்தூரிலிருந்து வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. சிகிச்சையை ஆடிக்குள் முடித்துவிட முடியுமா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. கிணத்துக்கடவில் மாமியார் பொன்னாத்தாளுக்குத் தெரியக்கூடாது. பெண் பார்க்க வந்த அன்றே, வரிசைப் பல்லு, சோளக்கருது மாதிரி இருக்குது என்று நாலு பேர் முன்னால் சொல்லிப் பூ வைத்தவர் அவர். வந்த மூன்றாம் மாதமே அதிலொன்று சொத்தை என்றால் என்ன நினைப்பார்? பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி, வரும்போதே சீக்கோட வந்தவ என்று பொன்னாத்தாள் ஒரு நாள் முணுமுணுத்ததையும் கயல்விழி கேட்டிருந்தாள்.

ஆடிக்குள் முடித்துவிடலாம் என்று டாக்டர் ரசாக் உறுதி சொன்னார். முதல் நாள் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஈடு என்றதும் அவள் யோசிக்காமல் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். கணவன் கதிர் வாங்கித் தந்தது. கதிரின் பெற்றோர் காலமெல்லாம் அடுத்தவர் தோப்பில் தேங்காய் உரித்தவர்கள். கதிர் தன் உழைப்பில் ஒரு டெம்போ வாங்கி, அதே தேங்காயை மண்டிக்கு ஏற்றிப் போகிறான். டெம்போ ஓடத் தொடங்கிய பிறகு முதலில் வாங்கிய பொருள் அந்தக் கடிகாரம்.

"குடையை வெச்சா மறந்துருவேனுங்க," என்றாள் கயல்விழி. "இதுன்னா எப்படியும் வந்துதானே ஆகோணும்."

இரண்டாம் நாள் சிகிச்சைக்கு முந்தின இரவு யானைகள் மலையிலிருந்து இறங்கி அவர்கள் வாழைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன. வீடே கலைந்து கிடந்தது. ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. பல்லிலும் வலியில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஆடியும் முடிந்தது. கதிர் வந்து அழைத்துப் போய்விட்டான். கிணத்துக்கடவு போய்ச் சேர்வதற்குள்ளேயே அவன் கண் அவளுடைய வெறுங்கையில் விழுந்தது. தாய் வீட்டிலிருந்தபோது ஒரு நாள் பஸ்ஸில் கழன்று விழுந்துவிட்டது என்று கயல்விழி சொல்லிவிட்டாள்.

அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவனோ மறுநாள் டெம்போவை நிறுத்திவிட்டு பஸ் டிப்போவுக்குப் போய் விசாரித்தான். அடுத்த வாரம் மறுபடியும் போனான். அவன் போகப் போக, உண்மையைச் சொல்லும் வழி அவளுக்கு அடைபட்டுக்கொண்டே வந்தது.

இதையெல்லாம் நம் பிரிவுக்கு வந்து சொல்லி அழுதவர் லட்சுமியம்மாள். டாக்டர் ரசாக் உடனே ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினார். பாப்பாயி தினமும் காலையில் சாவி கொடுத்து வந்ததால் அது சரியான மணி காட்டிக்கொண்டிருந்தது.

லட்சுமியம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. "இப்ப இதைக் கொண்டுபோய்க் குடுத்தா எங்கிருந்து வந்துச்சும்பாங்க. தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டுங்க டாக்டர். அந்தப் பல்லுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க. மறுக்காவும் வலி வந்திருச்சாமா. யாருக்கும் தெரியாம மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டு இருக்கறா."

அவர் போன பிறகு டாக்டர் ரசாக் கடிகாரத்தைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். பல்லைக் காப்பாற்றத்தான் ஈடு வாங்கினார். அதுவே ஒரு புதுக் குடும்பத்துக்குள் பொய்யைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. பல்லும் கெட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தம் மனைவி உம்மல் குல்சும் அம்மாவிடம் சொன்னார். அந்தம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, அந்தப் புள்ளை உங்ககிட்ட வர முடியலைன்னா நீங்க அங்க போங்களேன், எல்லாப் பல்லையும் பார்க்கப் போனா அந்தப் பல்லும் அதில் ஒண்ணுதானே என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிணத்துக்கடவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் பரிசோதனை முகாம் ஏற்பாடாயிற்று. கயல்விழியைத் தனியாகப் பார்க்க நேரும்போது கடிகாரத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டியது பாப்பாயியின் பொறுப்பு. பைக்குள் வைத்தால் கருவிகளோடு உரசிக் கண்ணாடி உடைந்துவிடும் என்று பாப்பாயி அதைத் தம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அதுதான் வினையாயிற்று.

முகாமுக்கு நல்ல கூட்டம். பொன்னாத்தாள் மருமகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் ரசாக் கயல்விழி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் சொன்னதெல்லாம் அவளுக்குத்தான். வலி நின்றதால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை என்றார். மாத்திரை வலியை மறைக்கும், வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். பல்லுக்குள் இருக்கும் அழுகலை அதனால் வெளியே எடுக்க முடியாது. வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்றார். பாதியில் நிற்கும் பல்லால் கடிக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் லேசாக உறுத்தும், அது இயல்பு; வீக்கமோ காய்ச்சலோ வந்தால் மட்டும் உடனே ஓடி வாருங்கள். நரம்பில்லாத பல் நாளடைவில் பலம் குறைந்து நொறுங்கும் என்பதால் அதன்மேல் ஒரு தொப்பி போடுகிறோம். போடாமல் விட்டால் ஒரு வேர்க்கடலைக்கே பிளந்துவிடும். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, வயிற்றில் பிள்ளை, எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாய்க்காலைத் தூர் வாருவது மாதிரிதான் இந்த வைத்தியமும் என்று அவர் முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், தூர் வாருனா நாங்க தண்ணி உடுவமுங்க, நீங்க அடைச்சுல்ல போடறீங்க என்றார். அதன்பின் அந்த உவமையை டாக்டர் எங்கும் சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். "சொத்தைப் பல்லு யாருக்கும் வரலாமுங்க. அது வளர்ப்புக் குத்தமில்லை, வந்த எடத்துக் குத்தமுமில்லை. அதைப் போய் மறைக்கறதாலதான் பல்லுப் போகுது."

கயல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னாத்தாள் வெற்றிலைப் பையைத் திறந்து மூடினார்.

பெஞ்சுகளை ஏற்றி வந்த டெம்போ கதிருடையது. முகாம் முடியும் நேரம் அவற்றைத் திருப்பி ஏற்ற வந்தவன், தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கொடுத்த பாப்பாயியின் கையைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஏனுங்கம்மா, வாட்ச் நல்லாருக்குதுங்களே. எங்கீங்க வாங்குனது?"

"கடியாரம்னா கடையிலதான் விப்பாங்க கண்ணு. மணி வேணும்னா கேளு, சொல்றேன்."

"வாருல அந்தக் கடைசி ஓட்டை இருக்குது பாருங்க," என்றான் கதிர், குரலை உயர்த்தாமல். "அது கடையில போட்டதில்லீங்க. எம்பட சம்சாரத்துக்குக் கை சிறுசு. டெம்போ டூல்ஸ்ல இருந்து ஆணியை எடுத்துச் சுட்டு நாந்தான் போட்டேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ ஒருவர், பஸ்ஸுல காணாமப் போச்சுன்னு சொன்னியே அதுவா கதிரு என்று கேட்டார். இன்னொருவர் பாப்பாயியை ஏற இறங்கப் பார்த்தார். பாப்பாயியின் நாக்குக்கு இந்த மருத்துவமனையில் அஞ்சாதவர் இல்லை. அன்று அந்த நாக்கு அசையவில்லை. உண்மையைச் சொன்னால் கயல்விழி மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் தாம் திருடி என்று பேர் வாங்க வேண்டும். திருடி என்றே இருக்கட்டும் என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் ரசாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அந்தம்மா எடுக்கலீங்க. நான் வாங்கி வெச்சது அது. தப்பு என்னுது. யாருகிட்ட வாங்குனேன், எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க. என்கிட்ட வைத்தியத்துக்கு வந்தவங்க பேச்சை நான் வெளிய எடுக்க மாட்டேன்."

இதனால் கூட்டத்தின் சந்தேகம் பாப்பாயியிடமிருந்து டாக்டருக்கு மாறியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு படித்த மனிதர் முன்னால் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் நின்றது இன்னும் மோசமாக இருந்தது. டாக்டர் ரசாக் அசையவில்லை. முப்பது வருடப் பெயர் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் போகிறதென்றால் போகட்டும் என்பதுபோல் நின்றார்.

அப்போது கயல்விழி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"தொலையலீங்க மாமா," என்றாள் கதிரைப் பார்த்து. "நாந்தான் குடுத்தேன். பல்லுக்கு வைத்தியம் பாத்தேன். அதுக்கு ஈடு வெச்சேன். அப்பறம் போக முடியல. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

கதிர் அவளையே பார்த்தான். "டிப்போவுக்குப் போகும்போதெல்லாம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே புள்ளை இருந்தே?"

கயல்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் ரசாக் பிற்பாடு எங்களிடம் சொன்னார்: வேர் நுனியைத் தாண்டிக் கருவி போய்விட்டதோ என்று பயந்த நாட்களில்கூடத் தம் நெஞ்சு அப்படி அடித்ததில்லையாம்.

பொன்னாத்தாள் மெதுவாக எழுந்து வந்து மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏன் அம்மணி, ஒரு பக்கமாவே மென்னு தின்னுக்கிட்டு இருந்தயே, அது இதுக்குத்தானா? எங்கூட்டுச் சோறு உனக்கு எறங்கலையாட்ட இருக்குதுன்னு நானு தெனமும் ஒரு கொழம்பா மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டுக் கெடக்கறேன்."

பிறகு தம் வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் இரண்டு பக்கமும் பல் இல்லை. "நானும் உன்னயாட்டத்தான். மாமியாகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திரையாத் தின்னு, ஒண்ணொண்ணாப் புடுங்கிப்போட்டேன். கொழம்பு மாத்தறதுக்கு முன்னால உன்னையக் கூப்புட்டுக் கேட்டிருக்கோணும். எனக்குத் தோணுல."

பாப்பாயி கடிகாரத்தைக் கழற்றினார். கதிர் அதை வாங்கி, காதில் வைத்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது. யாருங்க சாவி குடுத்தது என்று கேட்டான். தினமும் தாம்தான் என்றார் பாப்பாயி. அவன் மனைவியின் கையைப் பிடித்து, தான் போட்ட அந்தக் கடைசி ஓட்டையில் வாரை மாட்டிவிட்டான். பிறகு பாப்பாயியிடம் திரும்பி, சந்தேகமாப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க என்றான். மனசுல வெக்க எடமில்ல கண்ணு, எல்லாம் ஊரான் ஊட்டுக் கொடையும் துண்டும்தான் தொங்குது என்றார் பாப்பாயி. அவருக்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது.

கிளம்பும் நேரத்தில்தான் பொன்னாத்தாள் டாக்டரிடம் அதைச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க டாக்டரு. வாங்கி வெச்சா சனம் வராதுங்க. போனாப் போகுது, வேற கொடை வாங்கிக்கலாம்னு இருந்துரும். எதையாச்சும் குடுத்து உடுங்க. அடுத்தவங்க பாத்திரம் ஒண்ணு ஊட்டுல இருந்தா எங்களுக்கெல்லாம் ஒறக்கம் புடிக்காது. கொண்டுபோய்ச் சேத்துனாத்தான் ஆச்சு."

அந்த வாரமே டாக்டர் ரசாக் தம் கைக்காசில் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி, பல் பிரிவு என்று பேர் வெட்டி வைத்தார். முதல் நாள் சிகிச்சை முடிந்தவர் கையில் ஒன்றைக் கொடுத்து, உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் திருப்பித் தந்தால் போதும் என்பார். முதல் டம்ளரை வாங்கிப் போனவள் கயல்விழி. கதிர் டெம்போவில் கூட்டி வந்தான். பொன்னாத்தாளும் தவறாமல் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகப் பயந்த மற்றவர்களுக்குத் தாமே டாக்டராகி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சீழ் கோத்திருந்த பல்லை மறுபடி திறந்து, கழுவி, மருந்து வைத்து, வற்றக் காத்திருந்து அடைத்தார் டாக்டர் ரசாக். தீபாவளிக்கு முன்பே தொப்பியும் போட்டாயிற்று.

அன்று டம்ளர் திரும்பி வந்தது. வெறுமையாக வரவில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் பக்கத்தில் ஏது? பல் டாக்டருக்குப் பொன்னாத்தாள் அனுப்பியது, டம்ளர் நிறைய நாட்டுச் சர்க்கரை.

அதிலிருந்து நம் பிரிவில் பாதியில் நின்ற பல் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். டம்ளர்கள் கச்சாயத்தோடும் நிலக்கடலையோடும் எள்ளுருண்டையோடும் வந்து சேர்கின்றன. தாராபுரம் வெள்ளியங்கிரிகூட இன்னொரு பல்லோடு வந்து, சின்ன வெங்காயத்தை அமுக்கி நிரப்பிய டம்ளரோடு திரும்பினார். ஈடு தொங்கிய ஆணிகளில் இன்று எங்கள் வெள்ளைக் கோட்டுகள் தொங்குகின்றன.

கதை முடிந்தது, டாக்டர் அவர்களே. இனித் தங்களிடமே பேசலாம்.

நேரம் தவறாதவர், நெஞ்சில் ஈரம் வற்றாதவர், கருவியைக் கையாள்வதில் காட்டும் நுட்பத்தைக் கடிந்துகொள்ள நேரும்போதும் காட்டுபவர் என்றெல்லாம் எழுத எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் தம் பெயர் போனாலும் நோயாளியின் பேச்சை வெளியிடாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களுக்கு மேல் எழுத எங்களிடம் சொல் இல்லை. தாம் வகுத்த வழக்கம் தவறென்று தெரிந்ததும் அதை ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்ட மனதையும் நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தோடு அமர்ந்திருக்கும் கயல்விழிதான் இம்மடலை இப்படி எழுதச் சொன்னவர். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டோம். மறைச்சது போதுமுங்க என்றார். இந்தப் பந்தலின் நாற்காலிகளை ஏற்றி வந்ததும் கதிரின் டெம்போதான்.

இன்னும் ஒரு செய்தி பாக்கி. இதைத் தாங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

சென்ற மாதம், வந்த டம்ளர் ஒன்றிலிருந்த வறுத்த கடலையைக் கடித்துத் தங்கள் இடது கடைவாய்ப் பல் விரிசல் விட்டது. யாரிடமும் சொல்லாமல் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கண்டுபிடித்தவர் பாப்பாயி. போன வாரம் நம் பிரிவின் இளம் மருத்துவர் டாக்டர் அன்புமணி முதல் நாள் சிகிச்சையைச் செய்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தங்கள் கால் கட்டைவிரல் இரண்டு முறை மடங்கியதைப் பாப்பாயி பார்த்தார். தங்கள் கை ஒரு முறைகூட எழவில்லை. வருகிற வியாழக்கிழமை இரண்டாம் நாள். அதற்குள் தாங்கள் ஓய்வு பெற்றுவிடுகிறீர்கள். நேற்று பாப்பாயியிடம் என்ன சொன்னீர்கள்? "வலிதான் போயிருச்சே பாப்பாயி, பொறகு பாத்துக்கலாம்." இதே வார்த்தையைக் கேட்டு ஒருநாள் மதியம் சாப்பிடாமல் இருந்தவர் தாங்கள்தான்.

ஆகவே, இந்த மேடையில் தங்கள் கையில் நாங்கள் தரப்போவது பரிசு அல்ல. பொன்னாடை உண்டு, சந்தன மாலை உண்டு, அவை தங்களுக்கே. இந்த எவர்சில்வர் டம்ளர் மட்டும் இரவல். பல் பிரிவு என்று தாங்களே பேர் வெட்டச் சொன்னது. வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும். அடைத்து முடிக்க அடுத்த வாரமும், தொப்பி போட அதற்கடுத்த வாரமும் வர வேண்டும். அதன் பிறகும் எங்களுக்கு யோசனை கேட்கத் தோன்றும்போதெல்லாம் தங்கள் வீட்டுக்கு ஒரு டம்ளர் கொடுத்தனுப்புவோம். வெறுமையாக வரக்கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. உம்மல் குல்சும் அம்மாவின் நெய்ச்சோறு டம்ளரில் அடங்காது என்றால் சொல்லியனுப்புங்கள்; அண்டாவில் பேர் வெட்டித் தருகிறோம்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி, நிறைந்த வயதும் நிறைந்த வரிசைப் பற்களுமாக, பேரன் பேத்திகளோடு கடிக்க வேண்டியதையெல்லாம் கடித்து, சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்து நெடுங்காலம் வாழ வேண்டும். வணங்கி வாழ்த்துகிறோம்.

தங்களிடம் வாங்கிய அன்பை இன்னும் திருப்பித் தராமல் வைத்திருக்கும்,
பல் மருத்துவப் பிரிவுப் பணியாளர்கள்

கோயம்புத்தூர்,
30.6.1997